ஆற்றுவாயைக் கடக்கும் நேரம்

வாசுகிக்கு உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதுகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பாள். "காலுல சக்கரம் கட்டிப் பொறந்தவ" என்று அவள் கணவன் சபாபதி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். செடெனாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். செனாயில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்தாள். ஒருநாள் தொழிற்சாலை மூட்டை முடிச்சோடு வேறு நாட்டுக்குக் கிளம்பிவிட்டது. நின்றே பழகிய கால்களை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம்தான் மெர்சிங்குக்கு வடக்கே, கிரகோரியின் கடலோர விடுதியில் வேலை கிடைத்தது. மூவார்க்காரரான கிரகோரிக்கு நாய் என்றால் உயிர். அந்தக் கரையில் நாயோடு வருகிறவர்களுக்கு அறை கொடுப்பவர் அவர் ஒருவர்தான். விருந்தாளிகளின் நாய்களைக் கடற்கரையில் நடத்திக் கூட்டிவருவது வாசுகியின் வேலை. நடப்பதற்குச் சம்பளமா என்று முதல் நாள் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பாதை ஒன்றுதான். விடுதியைத் தாண்டியதும் ஒரு சிற்றாறு கடலில் கலக்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில் கணுக்கால் நனைய நடந்தே கடக்கலாம். அக்கரையில் ஆளில்லாத நீண்ட மணல்வெளி, முடிவில் கறுத்த பாறைகள், அவ்வளவுதான். போய்வர இரண்டு மணி நேரம். கடல் ஏறிவிட்டால் ஆற்றுவாயில் நெஞ்சளவு தண்ணீர் வந்துவிடும். பிறகு திரும்ப ஒரே வழி, அக்கரைத் தென்னைகளுக்குப் பின்னால் மலாய்க் கம்பத்துக்குள், அதாவது கிராமத்துக்குள், இருக்கும் பாலம். பாலத்தை ஒட்டியே அவர்கள் தொழும் சூராவ். நாயின் ஈரம் பட்டாலே அவர்களுக்குத் தீட்டு.

அந்த வழியை வாசுகி மிதித்ததே இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு விருந்தாளியின் நாய் வாரை அறுத்துக்கொண்டு கம்பத்துக் கல்யாணப் பந்தலுக்குள் புகுந்துவிட்டது. மறுநாள் பாக் சிக், அதாவது மாமா, என்று எல்லாரும் கூப்பிடும் கம்பத்துத் தலைவர் ஜமால் விடுதிக்கு வந்தார். கிரகோரி அன்று ஊரில் இல்லை. வாசுகிதான் கைகட்டி நின்றாள். அவர் சத்தம் போடவில்லை. மணல்வெளியில் தாராளமாக நடக்கலாம், கம்பத்துக்குள் மட்டும் நாய் வரக்கூடாது என்றார். "சத்தியம், பாக் சிக்" என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை அவள் காப்பாற்றிய அழகை என்ன சொல்ல! ஒவ்வொரு வாரையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

இப்படி எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. சபாபதி தன் புது லாரியை முதன்முதலாக எடுத்தது ஓர் இராகு காலத்தில். கோத்தா திங்கி வளைவில் லாரி கவிழ்ந்து, இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான். "டயர் வெடிச்சதுக்கு இராகு என்னடி பண்ணுவாரு?" என்பான். அவள் காதில் ஏறாது. வழக்கமான காரியத்துக்கு நேரம் பார்க்க மாட்டாள். ஆனால் எதையும் முதன்முதலாக இராகு காலத்தில் தொடங்கக்கூடாது என்பதில் ஒற்றைக்காலில் நிற்பாள்.

பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஜொகூர் பாருவிலிருந்து ஷாமளா என்ற பெண் தன் நாயோடு வந்தாள். மைலோ என்று பெயர். இருபது கிலோ எடை, கடலையே பார்த்திராத கண்கள். தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம். இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள் ஷாமளா.

"செவ்வாக் கிழமைமா. மூணுலேருந்து நாலரை இராகு காலம். கெளம்புறதுக்குள்ள மூணாயிரும். மொத மொத கடலுக்குப் போவுது, நல்ல நேரத்துல போலாம்லா."

"நாய்க்குமா இராகு காலம், அக்கா?"

"அதுவும் உயிருதானே லா."

ஷாமளா சிரித்துக்கொண்டே தூங்கப் போய்விட்டாள். வாசுகி மட்டும் ஒன்றரை மணி நேரம் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நாலரைக்கு, மைலோவையும் விடுதி நாய் கருப்பியையும் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். அப்போதே தண்ணீர் முழங்காலைத் தொட்டது. வேகமாக நடந்தால் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். நண்டைக் கண்ட மைலோ பாறையை விட்டு நகராது என்பது அவள் கணக்கில் இல்லை.

திரும்பி வந்தபோது ஆறரை தாண்டிவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆற்றுவாயில் இறங்கிப் பார்த்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. கைப்பேசியில் லைன் இல்லை. இடி இடித்தது. மைலோ உடம்பெல்லாம் நடுங்கி வாரை இழுத்தது. வெட்டவெளி மணலில் மின்னலுக்குக் கீழே இரண்டு நாய்களோடு எவ்வளவு நேரம் நிற்பது? கம்பத்துக்குள் போனால் வாக்குப் போய்விடும். வாக்குப் போனால் இந்த மணல்வெளியும் போய்விடும். அங்குமிங்கும் நடந்தாள். நடந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. "அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டு தென்னைகளுக்குள் திரும்பினாள்.

முதல் வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நாய்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வாசுகி வார்களைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டாள். பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். தொழுகைக்குக் கிளம்பிய ஜமால்தான். தூரத்திலேயே நிறுத்தினார்.

"தண்ணீர் ஏறிவிட்டதா?" என்று மலாயில் கேட்டார்.

"ஏறிவிட்டது, பாக் சிக். மன்னித்துவிடுங்கள்."

"உனக்குத் தண்ணீர் தெரியாதா? நாலு வருடமாகப் பார்க்கிறேன். ஒருநாளும் பிந்தியதில்லையே. இன்றைக்கு என்ன?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எங்கள் காலண்டரில் கெட்ட நேரம் போட்டிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவளுக்கே உறைத்தது. ஜமால் முன்னால் மெதுவாக வண்டியை உருட்டினார். அவள் பின்னால் நடந்தாள். பாலத்தின் நடுவில் போகும்போது அடுத்த இடி இடித்தது. மைலோ பலகையோடு பலகையாகப் படுத்துவிட்டது. இழுத்தாள், கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் கருப்பியின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, இருபது கிலோவையும் இரண்டு கையிலும் அள்ளித் தூக்கினாள். மறுமுனையில் சூராவுக்கு வந்த ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஜமால் கைகாட்ட, ஒதுங்கி வழிவிட்டார்கள். நாலு திட்டு திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கம்பத்தில் பேச வேண்டும்" என்றார் ஜமால். "அதுவரை அக்கரைக்குப் போகாதே."

கிரகோரி கோபப்படவில்லை. "அவங்க வேணாம்னா நாய் ரூமை மூடிற வேண்டியதுதான், வாசுகி. நடக்க எடமில்லாம நாய வரச்சொல்லி என்ன பண்றது?" என்றார். நாய் இல்லையென்றால் அவளுக்கும் அங்கே வேலையில்லை. அதை அவர் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவள் விடுதிக்குள்ளேயே நடந்தாள். துவைத்த விரிப்புகளை மறுபடி துவைத்தாள். கூட்டிய வாசலைக் கூட்டினாள். வெள்ளி மாலை வரை ஒரு செய்தியும் வரவில்லை. வீட்டிலும் தட்டோடு அலைந்தவளைச் சபாபதி வம்புக்கிழுக்கவில்லை. "உக்காரு வாசு" என்று மட்டும் சொன்னான். அவன் கேலி செய்யாததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து கருப்பியோடு ஆற்றங்கரையில் நின்றாள். நின்றாள் என்ன, நடந்தாள். மணலில் அவள் காலடி ஒரு பாதையாகவே விழுந்துவிட்டது. வற்றிக் கிடந்த தண்ணீர் கண்ணெதிரே ஏறத் தொடங்கியது. ஏழு, எட்டு, எட்டரை. அக்கரையில் யாருமில்லை. போனது போனதுதான் என்று திரும்பும்போது, தென்னைகளுக்கிடையிலிருந்து ஜமால் வந்தார்.

"பாக் சிக்! பேசினீர்களா?" என்று கத்தினாள்.

"பேசினோம்" என்று அவரும் கத்தினார். "ஏன் உள்ளே வந்தாள் என்று கேட்டார்கள். நாலு வருடமாக ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். பழையபடி நடக்கட்டும் என்றுவிட்டார்கள். நின்று யோசிக்காதே, கடந்து வந்து கொஞ்சம் நடந்துவிட்டு உடனே திரும்பு. தண்ணீர் ஏறுகிறது!"

பழக்கதோஷத்தில் அவள் கைப்பேசியைப் பார்த்தாள். சனிக்கிழமை, மணி ஒன்பது ஐந்து. இராகு காலம் தொடங்கி ஐந்து நிமிடம். மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற நாளுக்கு இதைவிடக் கெட்ட நேரம் நாட்காட்டியில் கிடைக்காது. பத்தரை வரை காத்திருந்தால் ஆறு இருக்கும், வழி இருக்காது.

வாசுகி வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.