பேனரில் போட்ட பெயர்கள்

அக்கா மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கத் திண்டிவனத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். குடும்பத்தில் கவிதை எழுதுகிறவன் நான் ஒருவன். அவளுடைய மஞ்சள் நீராட்டுப் பத்திரிகைக்கும் நான்தான் நாலு வரி எழுதினேன். தாய்மாமன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அன்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது அக்கா புருஷன் வாசல் வரை வந்தார். “வயித்து வலி தாங்காமன்னு போட்டுடு மச்சான். ஊரு கேக்கிது” என்றார், கரும்பு வெட்ட ஆள் சொல்லிவிடுகிற அதே குரலில். அந்தக் கரும்புக்குப் பாய்கிற கிணற்றில்தான் அவள் கிடந்தாள். பக்கத்தில் அவள் விரும்பிய பையன். அவனுக்கு அவன் தெருவில் தனிப் பேனர். செத்த பிறகும் இரண்டு முகத்தை ஒரு சட்டத்துக்குள் வைக்க எவனுக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பத்து நாள் முன்னால் இருவரும் விக்கிரவாண்டி டோல்கேட்டில் சென்னை பஸ்ஸுக்கு நின்றார்கள். அவள் எனக்கு மட்டும் போன் செய்தாள். சொல்லாமல் போக மனசு வரவில்லையாம். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஓட்டல் பெஞ்சில் ஒரே தட்டுப் பரோட்டாவை இருவரும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பசி, அந்தச் சிரிப்பு, சால்னா வழிகிற அந்த விரல்கள். இன்னும் என்னை உட்காரவிடவில்லை.

“உங்கப்பன்கிட்ட நான் பேசறேன். தாய்மாமன் சொல்றேன், வா.”

பையன் தயங்கினான். பஸ் வந்து நின்றது. அவள்தான் அவனை அதட்டினாள்: “எங்க மாமா சொன்னா சொன்னதுதான். ஏன் பயந்துக்கினு நிக்கிற?”

பஸ் போய்விட்டது.

பேசப் போனேன். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

பேனர் கடையில் டிசைன் போடுகிற பெண் வழக்கம்போலப் புறாவும் ரோஜாவும் வைத்துக் கீழே ‘வருந்தும்’ என்று அடித்தாள். அதை அழிக்கச் சொன்னேன். ‘காரணமானவர்கள்’ என்று அடி. போனைப் பிடுங்கி உடைத்த அப்பா. அறைக்கு வெளியே தாழ் போட்ட அம்மா. என்னைத் தன் கையால் எடுத்து வளர்த்தவள் என் அக்கா, ஆனாலும் அடி. அந்த வாரமே மாப்பிள்ளை கொண்டுவந்த பெரியப்பா. பையனின் அப்பனை நடுத்தெருவில் கைகட்டி நிற்கவைத்த ஊர்ப் பெரியவர். உறவையும் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் இரண்டு படங்கள், ஒரே சட்டத்தில்.

டிசைன் பெண் அடிப்பதை நிறுத்தினாள். “கேஸு கீஸு ஆயிடாதா சார்?”

“அவங்க போடட்டும்மா. கோர்ட்டுலயும் இதையே படிக்கிறேன்.”

எல்லாப் பெயரையும் அடித்துவிட்டுக் கேட்டாள்: “தாய்மாமன் இல்லீங்களா?”

“இருக்கான். முதல்ல போடு.”

கூட்டேரிப்பட்டு சந்திப்பில் நானே ஏறிக் கட்டினேன். மத்தியானத்துக்குள் அக்கா புருஷன் ஆளோடு வந்து கிழித்தார். அக்கா அன்றோடு பேச்சை நிறுத்தினாள். யாரும் ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. பெரியப்பா இப்போது கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் உட்காருகிறார்.

திதி வருகிறது. அதே பேனருக்குச் சொல்லிவிட்டேன். இந்த முறை பெயர்களைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்க வேண்டும், என் பெயரிலிருந்து.