பிரான்சிஸ் போட்ட பத்தாவது இடம்

"உலகத்துலயே நம்பர் ஒன் விங்கர் யாருங்ணா?" என்று ஷ்ரவ்யா கேட்டாள். துடியலூரில் ஒரு மாடியறையில் கவின் நடத்திய கால்பந்து யூடியூப் சேனலுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுத அவள் சேர்ந்த முதல் நாள் அது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பிரான்சிஸ். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்கறவங்கள்லயா, செத்தவங்கள்லயா, அம்மணி?"

"ரெண்டுலயும்."

"செத்தவங்கள்ல பிரேசில்காரரு கரிஞ்சா. ரெண்டு காலும் ஒரே பக்கமா வளைஞ்சிருக்குமுங்க. அந்தக் காலை வெச்சுட்டு உலகத்தையே ஏமாத்திப்போட்டாரு. இருக்கறவங்கள்ல சலாவுக்கு ரெண்டாவது எடம்."

"அப்ப மொதல் எடம்?"

"அது காலியாக் கெடக்கட்டுமுங்க. இன்னைக்கே குடுத்துட்டா அடுத்த வாரம் நம்மள யாரு பாப்பாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்களும் ஆடினவராமே. உங்களுக்கு எத்தனாவது எடம்?"

பிரான்சிஸின் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. "கருமத்தம்பட்டியில ரைட் அவுட்டுன்னா நாந்தானுங்க. எத்தனாவதுங்கறதெல்லாம் இல்லீங்க."

அவரிடம் இருந்ததெல்லாம் அதுதான். தறிக்கூடத்தில் அவர் வயதில் பாதியான முதலாளி அவரைப் பெயர் சொல்லி அதட்டுவான். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் புனேயில் ஒரு பஞ்சாபிக்காரரைக் கட்டிக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். மாதா கோயில் திருவிழாப் போட்டிகளில் வலது ஓரத்தில் பறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக.

நிகழ்ச்சியின் பெயர் 'கால் மட்டும்'. மைதானத்தின் ஓரமாகப் பந்தோடு ஓடும் விங்கர்கள் உலகம் முழுக்க ஆடிய ஆட்டங்களை இடுப்புக்கு மேலே மறைத்துவிட்டுத் திரையில் ஓட்டுவார்கள். பத்துப் பேர். பிரான்சிஸ் கால்களை மட்டும் பார்த்து வரிசை போடுவார். எவ்வளவு கிண்டல் செய்தாலும் அவர் பேச்சில் 'ங்க' மட்டும் விடுபடாது. "இவரு முன்னால போயிட்டாருங்க, பந்து பின்னால பஸ்ஸுல வருதுங்க." "இவருக்கு எடது காலு எதுக்குங்க? செருப்பு ஜோடியாத்தான் விக்கறாங்கன்னா?" ஷ்ரவ்யா அதை ஆங்கிலமாக்கும்போது மரியாதை உதிர்ந்து, குத்து மட்டும் மிஞ்சும்.

உள்ளூர்ப் பையன்களும் தங்கள் வீடியோக்களை அனுப்பத் தொடங்கினார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து அனுப்பிய ஒருவனுக்குக் கடைசி இடம் கிடைத்தது. அவன் பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டதாக அவன் நண்பன் எழுதியிருந்ததை ஷ்ரவ்யா படித்துக் காட்டினாள். "அவரு ஆடினதுலயே நல்ல ஆட்டம் அதுதானுங்க," என்றார் பிரான்சிஸ். அந்த வரியைக் கவின் தனியாக வெட்டி வெளியிட்டான்.

பிறகு எடிட்டர் உமர் பாரூக்கிடம் ஒரு பழைய வீடியோ கேசட் வந்து சேர்ந்தது. கருமத்தம்பட்டித் திருவிழாப் போட்டி.

"பழைய ஆளுங்க ஸ்பெஷல்னு சொல்லிக்கலாம். எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிரு. கடைசியா இத ஓட்டு," என்றான் கவின்.

"வேண்டாமே," என்றாள் ஷ்ரவ்யா. கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்பது போன்ற குரல் அது. கவினுக்குக் கேட்கவில்லை.

பிரேசில், இத்தாலிக்காரர்களின் ஆட்டங்கள் ஓடி முடிந்த பிறகு அந்தக் கால்கள் திரைக்கு வந்தன. பிரான்சிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பந்து வந்ததும் இவரு பாதம் கூட்டத்துப் பக்கம் திரும்புதுங்க. ஆரோ பொம்பளப் புள்ள வந்திருக்கும் போல." உமர் பாரூக் வாயைப் பொத்திக்கொண்டான். "கோலுக்கு முன்னால ஒருத்தரு தனியா நிக்கறாரு. அவருக்குக் குடுக்க மனசு வருதா பாருங்க. இது கஞ்சன் ஓட்டமுங்க. பத்தாவது. அதுக்குக் கீழ எடம் இருந்தா அங்க போட்டுருங்க."

உமர் பாரூக் மறைப்பை நீக்கினான். மீசை அரும்பிய ஒரு மெலிந்த முகம் தெரிந்தது.

"கருமத்தம்பட்டி ரைட் அவுட்டுங்ணா," என்றான் கவின்.

பிரான்சிஸ் திரையையே பார்த்தார். "இன்னொருக்கா ஓட்டுங்க, கண்ணு," என்றார். ஓட்டினார்கள். முடியும்வரை பார்த்தார். "இத விட்டுருங்க. ஊருல ஒரு மாதிரி ஆயிருமுங்க."

"நீங்கதானுங்ணா போட்டீங்க, பத்தாவதுன்னு. அந்த உடுமலைப் பையனக் கேட்டுட்டா போட்டோம்?"

பிரான்சிஸ் மைக்கைத் தள்ளி வைத்தார். கேமரா அதையும் பிடித்துக்கொண்டது.

வீடியோ வெள்ளிக்கிழமை வெளியானது. சேனலில் அதுவரை எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கடைப் பெஞ்சில் ஒருவரும் நகரவில்லை. "பத்துக்கு டீயா, காப்பியா?" என்று மாஸ்டர் கேட்க, கடை சிரித்தது. திங்கட்கிழமை தறிக்கூடத்தில் முதலாளி, "ஏய் பத்து, இழை அந்து கெடக்குது பாரு," என்றான். பிரான்சிஸ் போய் முடிச்சுப் போட்டார்.

அன்று மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் துடியலூருக்கு வந்தார். மேலே ஏறவில்லை. சாப்பாட்டுக்கு இறங்கி வந்த ஷ்ரவ்யாவைப் படிக்கட்டில் நிறுத்தினார். ஆங்கில சப்டைட்டில் எப்போதுமே நாலைந்து நாள் கழித்துத்தான் ஏறும் என்பது அவருக்குத் தெரியும்.

"மக பாத்துப்போட்டா. ஒண்ணும் பேசல. மாப்பிள்ளைகிட்ட அவ சொல்லவும் மாட்டா. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாதுங்க, ஆனா நீங்க எழுதறத வாரந்தவறாம படிச்சுப்போட்டு போன் பண்ணுவாரு. இந்த வாரமும் இங்கிலீசு எப்ப வரும்னு கேட்டுட்டாரு. நான் ரைட் அவுட்டுன்னுதான் அவருக்குத் தெரியும். அந்த வயசுல என் மூஞ்சியும் அவரு பாத்ததில்ல."

மேலே உமர் பாரூக் யாரிடமோ பத்து, பத்து என்று சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"கீழ வர்ற இங்கிலீசுல மட்டும், அம்மணி, அந்த ஆளு வேற ஆரோன்னு எழுதிப்போடுங்க."