முயலுக்காக வேய்ந்த கூரை

மன்னார் பஸ் நிலையத்தில் முயல் விற்கிறவரே, நீங்கள் இன்று பொய் சொன்னீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கிய குட்டியை ஒரு தாயிடம் நீட்டி, "வெயில் ஒண்டும் செய்யாது, தங்கச்சி" என்றீர்கள்.

அந்த மூச்சைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கொட்டில் ஞாபகம் வந்தது. போர் முடிந்து முகாமிலிருந்து நானாட்டானுக்குத் திரும்பிய எங்களுக்கு வீடென்று தந்தது தகரக் கூரையும் தகரச் சுவரும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. முயல் வேண்டுமென்று அழுதேன். ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் முயல் வளர்த்து விற்ற றீற்றா அன்ரி, இடத்தைப் பார்க்காமல் தரமாட்டேன் என்று சொல்லி, ஒரு மத்தியானம் வந்து உள்ளே ஐந்து நிமிடம் இருந்தார்.

"இதுக்குள்ள முயல் வெந்துபோகும்."

"நாங்கள் இருக்கிறம்தானே," என்றார் அம்மா.

"முயலுக்கு வாயில்லை. உங்களுக்கு இருக்கு. ஆரிட்டயும் சொன்னனீங்களோ, பிள்ளை?"



மறுநாள் அன்ரி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறையப் பனையோலை கொண்டுவந்து, அப்பாவை மேலே ஏற்றித் தகரக் கூரையை ஓலையால் மூடுவித்தார். பிறகுதான் முயலைத் தந்தார். அன்று பகல்தான் முதன்முறையாக, முயலோடு சேர்த்து நாங்கள் நால்வரும் உள்ளே படுத்து நித்திரை கொண்டோம். அந்த நித்திரைக்கு இன்னும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

நீங்கள் நாளைக்கு அதே இடத்தில் நின்று, எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள்: அந்தக் குட்டி எந்தக் கூரைக்குக் கீழே போகிறது என்று கேட்டுத்தான் விற்றீர்களா?