ஆறாவது வாரத்தில் ஆடிய ஆணிப்பல்

1. டொக்

செயற்கைப் பல்லுக்காக இறக்கிய ஸ்குரூவை, அதாவது இம்பிளான்டை, தாடை எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால், வாய்க்குள் பார்க்கும் மிரரின் கைப்பிடியால் தட்டும்போது 'டிங்' என்று கேட்கும். முருகேசன் வாயில் நான் தட்டியபோது 'டொக்' என்றது. இன்னொரு தடவை தட்டினேன். அதே டொக்.

எண்பதுகளின் நடுவில் கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் என் பல் கிளினிக் இருந்தது. இம்பிளான்ட் என்ற சொல்லே அப்போது ஊருக்குப் புதுசு. பம்பாய் போய் நாலு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, பெட்டியில் நாலைந்து டைட்டானியம் ஸ்குரூவோடு ரயிலேறி வந்தவள் நான். முதல் ஸ்குரூ முருகேசனுக்குத்தான் போட்டேன். கிளினிக்குக்கு வருகிறவர்கள் அதை 'ஆணிப்பல்' என்றே சொன்னார்கள்.

முருகேசன் செல்லூரில் பவர்லூம் தறி ஓட்டுகிறவன். முப்பது வயது இருக்கும். நூலைச் சுமந்துகொண்டு இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாக்கட்டை ஒருநாள் தறியை விட்டுத் தெறித்து, மேல்வரிசை முன்பல் ஒன்றைப் பெயர்த்துவிட்டது. அதிலிருந்து தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் யாரிடமும் பேசுவான். பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவி, அவற்றின் மேல் பாலம்போல் பிரிட்ஜ் பல் கட்டலாம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

“நல்லாருக்கிற பல்ல எதுக்கும்மா ராவணும்? அதுக என்ன பாவம் பண்ணுச்சு?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. எலும்பில் ஸ்குரூவை இறக்குவேன், எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து இறுக அஞ்சாறு மாசம் ஆகும், அதுவரை மேலே பல் மாதிரி ஒட்டியிருக்கும் தற்காலிக கேப் பார்வைக்கு மட்டும்தான், பிடிக்காமல் போகவும் வாய்ப்புண்டு என்று எல்லாம் சொன்னேன். “பிடிச்சுக்கிரும்மா” என்று அவனே எனக்குத் தைரியம் சொன்னான். முறுக்கு கூடாது, கரும்பு கூடாது, கொய்யாக்காய் கூடாது, கறி எலும்பு கூடவே கூடாது. விரல் விட்டு எண்ணி ஒப்பிக்க வைத்தேன். கேப் ஒட்டிய அன்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். அவன் மனைவி பேச்சியம்மாள் அழுதாள். துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

இதெல்லாம் நடந்து ஆறு வாரத்தில், காட்டிவிட்டுப் போக வந்தபோதுதான் அந்த டொக்.

2. கருப்புக் கோடு

ஒருவேளை கேப்பின் சிமெண்ட் விட்டிருக்கும், ஸ்குரூ கெட்டியாகத்தான் இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். கேப்பைக் கழற்றினேன். ஸ்குரூவின் தலையை இடுக்கியால் பிடித்து மெல்ல அசைத்தேன். அசைந்தது. கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எக்ஸ்-ரே எடுத்தேன். ஸ்குரூவைச் சுற்றி மயிரிழை கனத்துக்கு ஒரு கருப்புக் கோடு. எலும்பு ஒட்டியிருந்தால் அங்கே கோடு இருக்கக் கூடாது. படம் பொய் சொல்கிறதோ என்று வேறு கோணத்தில் இன்னொன்று எடுத்தேன். அதிலும் கோடு இருந்தது. துளை போடும்போது எலும்பைச் சூடாக்கிவிட்டேனா? தண்ணீர் போதவில்லையா? என் கை மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை என்னால் தாங்க முடியவில்லை. கோபமாக அவன் பக்கம் திருப்பிவிட்டேன்.

“என்னத்தக் கடிச்ச? உண்மையச் சொல்லு.”

“ஒண்ணும் கடிக்கலம்மா. கஞ்சியும் ரசஞ்சோறுந்தேன்.”

“தீவாளிக்குக்கூட முறுக்கத் தொடல டாக்டரம்மா,” என்றாள் கூட வந்திருந்த பேச்சியம்மாள். “பிள்ளைக திங்கிறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.”

“ரெண்டு பேரும் சேந்து புளுகாதீங்க! கடிக்காம இது ஆடாது. பல்லு உன் வாயில இருக்கு, போறது என் மானம்!”

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். முருகேசனைப் பொக்கை வாயோடு அனுப்ப மனசு வராமல் கேப்பைத் திரும்ப ஒட்டி, வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை.

3. செல்லூர்

அடுத்த செவ்வாய் வரை பொறுத்தேன். ஆடுகிற ஸ்குரூவை அப்படியே விட்டால் சுற்றியிருக்கும் எலும்பைத் தின்றுவிடும். எந்த இரண்டு பல்லைக் காப்பாற்ற அவன் ஆணிப்பல்லுக்குத் தலையாட்டினானோ, அவையும் ஆட ஆரம்பித்துவிடும். விலாசச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

சந்துக்குள் சந்து. தறிக்கூடத்தில் நுழைந்ததும் காது அடைத்துப்போயிற்று. முருகேசன் என்னைப் பார்த்துவிட்டான். வாங்கம்மா என்று கையைக் காட்டி, ஒரு நிமிஷம் என்று விரலையும் காட்டினான். அவன் தறியில் இழை அறுந்து நின்றிருந்தது. குனிந்து இரண்டு நுனியையும் பிடித்து முடிச்சுப் போட்டான். நீட்டிக்கொண்டிருந்த நூலை வாய்க்குக் கொண்டுபோய், தலையை ஒரு வெட்டு வெட்டிக் கடித்து அறுத்தான். ஆணிப்பல்லால்!

“அடப்பாவி!” என்று கத்தினேன். தறிச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே தறியை ஓட்டிவிட்டு என்னைச் சந்துக்கு அழைத்து வந்தான்.

“இப்ப என்ன பண்ணுன?”

“என்னம்மா பண்ணுனேன்?”

“நூல எதால அறுத்த?”

அவன் கை தானாக வாய்க்குப் போயிற்று. அவன் முகம் வெளுத்துப்போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“நூலுதானேம்மா... அது திங்கிறதா?”

“ஒரு நாளைக்கு எம்புட்டுத் தடவை?”

“எண்ணுனதில்லம்மா. இழை அறுறப்பல்லாம். பல்லு இல்லாம இருந்தப்ப ஓரப் பல்லுல கடிச்சுக் கஷ்டப்பட்டேன். நீங்க வச்சு விட்டதும் பழையபடி சொகமாயிருச்சு.”

அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தின்னக் கூடாதென்று நான் சொன்ன ஒவ்வொன்றையும் தின்னாமல்தான் இருந்திருக்கிறான். நாடாக்கட்டை பல்லைப் பெயர்த்தது என்று கேஸ் ஷீட்டில் என் கையாலேயே எழுதியவள், அந்தத் தறியில் அவன் வாய்க்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. படித்த முட்டாள் என்று என்னைத் திட்டிக்கொண்டேன்.

4. கேஸ் ஷீட்டில் ஒரு கேள்வி

அதற்குப் பிறகு என் கேஸ் ஷீட்டில் ஒரு கேள்வி ஏறியது: 'வேலையில் உங்கள் வாய் என்ன செய்யும்?' பதில்களைக் கேட்டால் தலை சுற்றும். தச்சர் ஆணியைக் கவ்வுகிறார். வயரிங் பார்க்கிறவர் வயரைப் பல்லால் உரிக்கிறார். பூக்கட்டுகிறவர் நாரைக் கடிக்கிறார். யாருக்கும் அது கடிப்பதாகவே தோன்றுவதில்லை. புதிதாக வரும் டாக்டர்களே, எக்ஸ்-ரே பார்க்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தவன் முருகேசன்.

செல்லூர் போய் வந்த மறுநாள் காலையிலேயே அவன் கிளினிக்குக்கு வந்துவிட்டான். கழுத்தில் கருப்புக் கயிறு, அதில் ஒரு சின்னக் கத்திரிக்கோல் தொங்கியது.

“வாங்கிட்டேம்மா. இனிமே இதாலதேன் அறுப்பேன். இப்பப் பிடிச்சுக்கிருமா?”

“இல்லப்பா. ஒருக்கா ஆடுனா திரும்பப் பிடிக்காது. எடுத்துத்தான் ஆகணும். புண்ணு ஆறி எலும்பு வளரட்டும், மறுபடி பாப்போம்.”

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான். ஊசி போட்டுவிட்டு ஸ்குரூவைத் திருகினேன். இறக்கும்போது மணிக்கட்டு வலிக்க வலிக்க இறக்கிய ஸ்குரூ, மூன்றே சுற்றில் கையோடு வந்துவிட்டது.

அவனோடு வெளியே வந்து, பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால் சொன்னேன்: “முருகேசா, அன்னைக்கு உன்னப் புளுகுறன்னு சொன்னேன். தப்பு என்னுது. மன்னிச்சுக்கப்பா.”

அவன் துண்டை எடுத்து வாயைப் பொத்தினான். பஞ்சைக் கடித்திருந்ததால் குழறலாகத்தான் பேச்சு வந்தது.

“கோவமெல்லாம் இல்லம்மா. கத்திரி வாங்குடான்னு பல்லு வச்ச அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா, அன்னைக்கே வாங்கியிருப்பேன்.”