கணீரென்று கேட்காத மணி

போன கிழமை மகனுடைய வாகனம் திருத்துகிற கராச்சில் பழைய கிறீஸ் பீப்பா ஒன்றைத் திறந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. "அப்பா, கதிரையில இருங்கோ" என்றான் மகன். அவனுக்கு என்ன தெரியும்?

வெள்ளைக்காரன் விட்டுப்போன விமானத் தளத்தில், விமானம் நிறுத்துகிற பெரிய கொட்டகையைத் தொழில் படிப்பிக்கிற பள்ளிக்கூடமாக மாற்றும் வேலை என்னிடம்தான் வந்தது. மூன்றாம் வகுப்போடு சிலேட்டை எறிந்தவன் நான். ஆனால் திருகோணமலையில் அன்றைக்கு என்னை விட்டால் வேறு மேசன் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உள்ளே ஒரு தேரையே நிறுத்தலாம். தரை முழுக்கக் கிறீஸ். உமி கொட்டித் தேய்த்தோம், சாம்பல் கொட்டித் தேய்த்தோம். கறை போனது, வாசம் போகவில்லை. பலகை அடித்து நாலு வகுப்பாகப் பிரித்தேன். ஒரு வகுப்பில் கணக்குச் சொன்னால் மற்ற மூன்று வகுப்பும் விடை எழுதும்.

மேசை, வாங்கு எல்லாம் வந்தது, மணி மட்டும் வரவில்லை. பள்ளி அதிபர் கல்விக் கந்தோருக்கு எழுதிக் களைத்துப்போனார். "மணிக்கு நான் பொறுப்பு, சேர்" என்றேன். அந்த நாளில் எங்கள் பக்கம், யுத்தக் காலத்து, மருந்தில்லாத வெறும் குண்டுக் கோது ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு மணியாக அடிப்பார்கள். கோயிலிலும் உண்டு, பள்ளியிலும் உண்டு. கொட்டகைக்குப் பின்னால் பற்றைக்குள் ஒன்று கிடந்தது. நாலு பேர் தூக்கினார்கள்.

"பாரமாக் கிடக்கு, அண்ணே."

"வெள்ளைக்காரன்ர இரும்படா, பாரமாத்தான் இருக்கும்."

வாசலுக்கு மேலே குறுக்கே போன வளையில் கயிறு போட்டு என் கையாலேயே கட்டினேன்.

அடித்தால் கணீரென்று கேட்கவில்லை. நனைந்த மூட்டையில் அடித்தது போல மொத்தென்று ஒரு சத்தம். "துருப் பிடிச்சிருக்கு, அடிக்க அடிக்கத் துலங்கும்" என்று சொல்லிப் பெரிய சுத்தியலை எடுத்தேன். மூன்று நாள், காலை, இடைவேளை, பின்னேரம், நானே அடித்தேன்.

நாலாம் நாள் காசிம் நானா கிண்ணியாவிலிருந்து வந்தார். பள்ளிக் காவலாளி, மகளின் கலியாணத்துக்கு லீவில் போயிருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் அதே தளத்துக் குண்டுக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். நான் இடைவேளைக்குச் சுத்தியலை ஓங்கிக்கொண்டு நிற்கிறேன்.

"தம்பி, கையை மெதுவா இறக்குங்க."

பகிடி என்றுதான் நினைத்தேன். அவர் கிட்ட வந்து அதன் மூக்குப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "காலையில அடிச்சது மொத்தெண்டு கேட்டுது. நேற்றும் அப்படித்தானா?"

"ஓம், நானா."

"வெறுங் கோது எண்டா பாடும். இதுக்கு வயிறு நிரம்பிக் கிடக்கு."

சுத்தியலைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் நாற்பது பெடியள். அதிபர் வந்து பார்த்து வெளிறிப்போனார். சத்தம் போடாமல் எல்லாரையும் பின்பக்கத்தால் ஓடுபாதைக்கு அனுப்பச் சொன்னார் நானா. பெடியளோ எழும்பவில்லை. "மணி அடிக்கேல்லையே, சேர்!" அவ்வளவு ஒழுக்கம், பழக்கினது அதிபர்தான்.

பெடியள் ஒருவழியாய்ப் போனார்கள். ஆள் அனுப்பியாயிற்று, படையினர் கோட்டையிலிருந்து வரவேண்டும். எப்போது வருவார்களோ. நானா மேலே காட்டினார். மூன்று நாள் அடியில் கயிறு வளையில் அரைபட்டு ஒரு புரி அறுந்து தொங்கியது. கீழே சீமெந்துத் தரை.

"கட்டினது நீங்க. அவிழ்க்கிறதும் நீங்கதான்."

"என்னால ஏலாது, நானா."

"ஏலும். நான் கீழே கட்டிப் பிடிக்கிறன். விழுந்தா ரெண்டு பேருக்கும் ஒரே நேரம்தான், யோசிக்காதீங்க."

வேலை முடிந்த இடம். நாலு மூட்டை மண்தான் மிஞ்சியிருந்தது. அதைக் கீழே அடுக்கிவிட்டு ஏணியில் ஏறினேன். நிலாவெளி மீன்காரரிடம் பழகிய முடிச்சு அது. என்ன இழுத்தாலும் இளகாது என்று நானே புளுகித் திரிந்தது. கத்தி வைத்தால் ஒரேயடியாக விழும். நகம் பிய்ந்தது. கீழே நானா இரண்டு கையாலும் அணைத்தபடி ஓதிக்கொண்டு நின்றார். இடையில் நிறுத்தி, "கலியாணச் சோறு உங்களுக்கும் கொண்டுவந்தனான். ஆறுது, கெதியாப் பாருங்க" என்றார். சிரித்தேனா அழுதேனா, தெரியாது. முடிச்சு இளகியது. வளையைச் சுற்றியிருந்த கயிறு பாரத்தைத் தாங்க, அங்குலம் அங்குலமாக அதை விட்டேன். அது மண்ணில் இருந்த பிறகும் நானா நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

பின்னேரம் படையினர் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். தூரத்தில் ஓர்ஸ் ஹில் வீடுகளில்கூட யன்னல் அதிர்ந்ததாம்.

பிறகு நான் ஊரெல்லாம் கதை சொன்னேன், சத்தத்தை வைத்தே நான்தான் குண்டைப் பிடித்தேன் என்று. ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் அளந்துகொண்டிருந்தபோது பின்வரிசை வாங்கில் நானா இருந்ததை நான் காணவில்லை. "மெய்தானோ, நானா?" என்று யாரோ கேட்டார்கள். "ஓம், தம்பிதான் கண்டவர். நான் சும்மா பிடிச்சுக்கொண்டு நிண்டன்" என்றார் அந்த மனிசன். அந்தக் கதையைக் கேட்டுத்தான் எனக்கு அடுத்த வேலைகள் வந்தன.

பள்ளிக்கூடம் சில வருசத்தில் இடம் மாறிப்போனது. கொட்டகையில் தகரமும் இல்லை, வளையும் இல்லை. கிண்ணியாத் தோணித்துறையும் போய்ப் பாலம் வந்துவிட்டது. அந்தப் பாலத்தால்தான் ஒருநாள் நானாவின் வீட்டுக்குப் போனேன். அவர் மவுத்தாகிப் பல காலம். பேரன் கதிரை போட்டான். என் பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"மூத்தவாப்பா சொல்லுவாரு, ஒரு மேசன் ஐயா சத்தத்தை வெச்சே குண்டைக் கண்டுபிடிச்சு எல்லாரையும் காப்பாத்தினாராம். அது நீங்கதானே?"

"இல்லை, மகன். அது உங்கட மூத்தவாப்பா."

அவன் நம்பவில்லை. 'பெரிய மனிசர், தன்னடக்கமாச் சொல்றார்' என்கிற மாதிரிச் சிரித்தான். உள்ளதைச் சொல்ல அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்களில் இப்போது என்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை.