ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

எந்தப் பேருந்து எப்போது கிளம்பும் என்று நிலையத்தின் ஒலிபெருக்கியில் சொல்பவர் மைக் அக்கா. வயது நாற்பத்திரண்டு. வாரத்தில் ஆறு நாளும் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். ஞாயிறு பதினொரு மணியானால் மட்டும் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும்.

சரியாக அந்த நேரத்துக்குத்தான் நாத்தனார் வருவார். வாசலுக்கு வருமுன்பே சிரிப்புச் சத்தம் வந்துவிடும். பேச ஆரம்பித்தால் கமா உண்டு, முற்றுப்புள்ளி கிடையாது.

"உனக்குத் தலைவலியே என் தங்கச்சிதான்" என்று கணவர் ஒருநாள் உளறிவைக்க, அது நாத்தனார் காதில் விழுந்தது.

"அப்படியா அண்ணி? வாங்க, டாக்டர்கிட்டயே கேட்டுடுவோம்!"

மறுநாளே கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

டாக்டர் நிதானமானவர். "திடீர்னு இடி விழுந்த மாதிரி வந்துச்சா? காய்ச்சல், வாந்தி, பார்வை மங்குறது, கை கால் மரத்துப்போறது?" எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்தார், கழுத்தைக் குனிய வைத்தார். பிறகு, "தூக்கம், சாப்பாடு, குடிச்சது, மாத்திரை, வலி வந்த நேரம், எல்லாத்தையும் நாலு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க" என்றார்.

"நான் வந்த நேரத்தையுமா டாக்டர்?" என்றார் நாத்தனார்.

"கட்டாயமா!"

நாலு வாரம் கழித்து டாக்டரின் விரல் நோட்டில் ஊர்ந்தது. நாத்தனார் வெளியூர் போயிருந்த ஞாயிறும் வலி. நடுவில் லீவு போட்ட ஒரு புதன்கிழமையும் வலி. வேலை நாளில் தொண்டை காயக் காய ஏழு காபி. வீட்டில் இருந்தால் ஒன்றுகூட இல்லை. கணவருக்குக் காபி வாடையே ஆகாது.

"உங்க தலை காபியைத் தேடுதும்மா. ஒரேயடியா நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க."

நாத்தனார் நாற்காலியிலிருந்து துள்ளினார். கதவைத் திறந்து, வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கோங்க! நான் நிரபராதி!" என்று கூவினார். விஷயம் புரியாமலே இரண்டு பேர் கை தட்டினார்கள். மைக் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

ஏழு ஆறாயிற்று, ஆறு ஐந்தாயிற்று. இரண்டு மாதத்தில், ஞாயிறு உட்பட, நாளுக்கு ஒன்றில் வந்து நின்றது. அந்த ஒன்றையும் ஞாயிறுகளில் நாத்தனாரே பிளாஸ்கில் கொண்டுவந்தார். வலியில்லாத காதுடன் கேட்டபோதுதான், நாத்தனார் சொல்லும் கதைகள் அத்தனையும் வயிறு குலுங்க வைப்பவை என்பது மைக் அக்காவுக்குத் தெரிந்தது.

"அடுத்த வாரம் ஒன்பது மணிக்கே வந்துடுடி" என்றார்.