விலாவில் பிடித்த தலையணை

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சீழ் கோத்துக்கொண்டது. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் விலாவில் துளை போட்டு ரப்பர் குழாய் செருகி, மறுமுனையைக் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் பாட்டிலில் விட்டிருந்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. நன்றாக இருமினால்தான் சீழ் வடிந்து நுரையீரல் விரியும், இல்லையென்றால் பாளையங்கோட்டைக்கு அனுப்பி விலா எலும்பை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இருமினால் உயிர் போகிற வலி. நான் கெஞ்சினால், "ஏட்டி, சும்மா கெட" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். புளியங்குடிக்கார நர்ஸ் வந்து, "எங்க அண்ணாச்சி, இருமுங்க பாப்போம்" என்று வலி குறையக் குழாய்ப் பக்கம் தலையணையை வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால் போதும், மனுஷன் சொன்ன பேச்சுக் கேட்டு இருமுவார். அண்ணாச்சியாம் அண்ணாச்சி. எனக்கு வயிறு பற்றி எரியும். மாமியார் இருக்கிற இடத்தில் புருஷன் பக்கத்தில் உட்காருவதுகூட எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இவள் வார்டே பார்க்கக் கட்டிப்பிடிக்கிறாள். அதே மாமியார், "தங்கமான பிள்ள" என்று அவளை மெச்சுகிறாள்.

ஒருநாள் அவளுக்கு லீவு. அப்பாடா என்று இருந்தது எனக்கு. மாற்றாக வந்த நர்ஸுக்கு இரண்டு வார்டையும் பார்க்கவேண்டியிருந்ததால் நிற்க நேரமில்லை. இவர் காலையிலிருந்து ஒருதடவைகூட இருமவில்லை. சாயங்காலம் டாக்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இப்படியே இருந்தா நாளைக்குப் பாளையங்கோட்டைதான்" என்று சொல்லிப் போனார்.

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மாமியார் பக்கம் திரும்பாமல் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். தலையணையை வைத்து அணைத்துப் பிடித்து, "இருமுங்க" என்றேன்.

"ஏட்டி, நாலு பேரு பாக்காவ" என்றாள் மாமியார்.

"பாக்கட்டும் அத்த."

இருமினார். குழாயில் சீழ் குபுகுபுவென்று இறங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மூச்சு வாங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அந்த நர்ஸம்மா இன்னும் கொஞ்சம் கீழ பிடிப்பாவ."

வந்த கோபத்துக்கு நறுக்கென்று கிள்ளியிருப்பேன். தலையணையைக் கீழே இறக்கினேன்.

"இங்கனயா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்று சொல்லி, மறுபடியும் இருமினார்.